பார்க் ஸ்டேஷன்: சென்ட்ரலுக்கு ஒரு சாலை தூரம்

சென்னையில் தாம்பரம் பக்கத்திலிருந்து பெட்டி படுக்கையோடு பீச் (கடற்கரை நிலையம்) போகும் வண்டியில் ஏறியவர், எழும்பூர் வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சென்ட்ரலுக்கு எங்கங்க இறங்கணும்?" நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள்: "அடுத்த ஸ்டேஷன், பார்க்." இறங்கி வாசலுக்கு வந்தால் சென்ட்ரல் எதிரே சிவப்பாக நிற்கிறது. நடுவில் பூந்தமல்லி நெடுஞ்சாலை, பஸ்ஸும் ஆட்டோவுமாக. இவ்வளவு கிட்டே வந்த ரயில் ஏன் நேராக சென்ட்ரலுக்குள்ளேயே போய் நிற்கக்கூடாது என்று அலுத்துக்கொள்ளாதவர் இல்லை. அந்தக் கேள்விக்கான விடையில்தான் பார்க் ஸ்டேஷனின் கதை முழுவதும் இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் எங்கே மாறுவது, எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொள்வது, மழை நாளில் என்ன செய்வது என்பதெல்லாம் தானே பிடிபடும்.

சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை. 1856 ஜூலை 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் வண்டி விட்ட அதே கம்பெனிதான் 1873-ல் சென்ட்ரலைத் திறந்தது. தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர். இதைத்தான் அகலப்பாதை என்கிறோம். சாலைக்கு இந்தப் பக்கம் தென்னிந்திய ரயில்வே. விழுப்புரம், திருச்சி, மதுரை, தூத்துக்குடி என்று தெற்கே போனது இவர்கள் பாதை. இவர்களுடையது மீட்டர்கேஜ், சரியாக 1,000 மில்லிமீட்டர். 1908 ஜூன் 11-ல் திறந்த எழும்பூர் நிலையம்தான் இவர்களுக்குத் தலைவாசல். 676 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒன்றரை முழம். அந்த வித்தியாசத்தால் ஒருவர் வண்டி மற்றவர் தண்டவாளத்தில் கால் வைக்க முடியாது. எழும்பூரிலிருந்து கடற்கரைக்கும் துறைமுகத்துக்கும் போன மீட்டர்கேஜ் பாதை, சென்ட்ரலின் முகத்துக்கு எதிரே வந்து, தொடாமல் விலகிப் போயிற்று. அப்படி மிக நெருங்கி வரும் இடத்தில் இருப்பதுதான் பார்க்.

பெயரில் உள்ள பார்க் எங்கே என்று தேடவேண்டாம். ஆளுநர் டிரெவெலியன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க்கின் பெயர் அது. ரிப்பன் மாளிகை, விக்டோரியா பப்ளிக் ஹால், பழைய மூர் மார்க்கெட், நேரு ஸ்டேடியம் எல்லாம் அந்தப் பூங்காவின் நிலத்தில் எழுந்தவை. பூங்கா போய்விட்டது, பெயர் மட்டும் இரண்டு ரயில் நிலையங்களில் தங்கிவிட்டது.

1931 மே 11-ஆம் தேதி கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. இந்தியாவில் முதல் மின்சார ரயில் பம்பாயில் ஓடியது 1925-ல்தான். ஆறே ஆண்டில், அதுவும் மீட்டர்கேஜில், 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மெட்ராஸ் அதைச் செய்துகாட்டியது. நகரம் தெற்கு நோக்கி நீண்டதற்கு இந்தப் பாதை முக்கியமான காரணம் என்பது என் உறுதியான எண்ணம். மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் குரோம்பேட்டையிலும் வீடு கட்டியவர்கள், பாரீஸ் முனையில் வேலைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்ப முடியும் என்ற நம்பிக்கையில்தான் கட்டினார்கள். இன்றும் வயதானவர்கள் லோக்கல் என்று சொல்வதில்லை. "எலெக்ட்ரிக் டிரெயின்" என்றுதான் சொல்கிறார்கள்.

பிறகு 1960-களில் மின்சாரம் 25,000 வோல்ட் மாறுமின்சாரமாயிற்று. அதற்கு முன்பே, 1951 ஏப்ரல் 14-ல், இரண்டு பக்கத்துக் கம்பெனிகளும் தெற்கு ரயில்வே என்ற ஒரே குடைக்குள் வந்துவிட்டன. நிர்வாகம் ஒன்றானதே தவிர பாதை ஒன்றாகவில்லை. 1990-களில் இந்தப் பக்கமும் அகலப்பாதை வரத் தொடங்கி, 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓட்டம் முடிந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவுத் தண்டவாளம்தான். ஆனாலும் தாம்பரம் வண்டி சென்ட்ரலுக்குள் நுழைய முடியாது. சென்ட்ரல் முட்டுச்சந்து மாதிரியான நிலையம். தண்டவாளங்கள் பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து உள்ளே வந்து முட்டி நின்றுவிடும், அதற்கப்பால் கட்டடமும் சாலையும்தான். பார்க் அப்படியல்ல, கடந்துபோகும் நிலையம். இதை அதோடு சேர்க்க வேண்டுமானால் நெடுஞ்சாலையைத்தான் கிழிக்க வேண்டும்.

ஆகவே நடைதான் வழி. அந்த நடையை ஒழுங்காக நடக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் தெரிய வேண்டியது, இந்தச் சாலையைச் சுற்றி இருப்பது ஐந்து நிலையங்கள் என்பது. ஒன்று பார்க்: கடற்கரை – எழும்பூர் – தாம்பரம் – செங்கல்பட்டு வண்டிகள் நிற்குமிடம். இரண்டாவது அதன் பக்கத்தில் உள்ள பார்க் டவுன்: 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலுக்கானது, இன்று அது திருமயிலை, திருவான்மியூர் வழியாக வேளச்சேரி வரை போகிறது. சாலைக்கு எதிர்ப்புறம் வெளியூர் வண்டிகளுக்கான சென்ட்ரல். அதை ஒட்டி, 1985 மே மாதத் தீயில் அழிந்த மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த மூர் மார்க்கெட் வளாகம். ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கல் எல்லாம் அங்கிருந்துதான். ஐந்தாவது, தரைக்கடியில் சென்ட்ரல் மெட்ரோ. 2018 மே 25-ல் திறந்தது. நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் சந்திக்குமிடம்.

பார்க்கையும் பார்க் டவுனையும் குழப்பிக்கொள்வதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு. மயிலாப்பூர் போக வேண்டியவர் பார்க் நடைமேடையில் நின்றுகொண்டு வண்டி வண்டியாக விட்டுக்கொண்டிருப்பார். அதேபோல "பார்க் டவுனில் நிற்கிறேன், தாம்பரம் வண்டியே வரவில்லை" என்று போனில் புலம்புகிறவர்களும் உண்டு. பெயரைக் கேட்காதீர்கள், "தாம்பரம் போற ஸ்டேஷன் எது, வேளச்சேரி போற ஸ்டேஷன் எது" என்று ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நடைமேடை விஷயத்திலும் இதே வழிதான். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட "பீச் பக்கம்", "தாம்பரம் பக்கம்" என்று திசையை மனதில் வைத்தால் தவறாது.

இனி இறங்குவது. லோக்கல் வண்டி ஒரு நிலையத்தில் நிற்பது அரை நிமிடத்தை ஒட்டித்தான். எழும்பூரை விட்டுக் கிளம்பும்போதே எழுந்து வாசலை நோக்கி நகர்ந்துவிட வேண்டும். நிலையம் வந்த பிறகு மேல்தட்டில் இருந்து பையை இறக்குகிறவர் அடுத்த நிலையமான கோட்டையில்தான் இறங்குவார். பெட்டியின் தரைமட்டம் தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் உயரம். உயர்மட்ட நடைமேடையோ 760-லிருந்து 840 மில்லிமீட்டர் வரைதான். ஆக, இறங்கும் காலுக்கு ஒன்றரை அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு பள்ளம் இருக்கிறது, அதோடு பெட்டிக்கும் நடைமேடை விளிம்புக்கும் இடையே ஒரு சந்தும். இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக இறங்குபவருக்குத் தன் கால் போகும் இடமே தெரியாது. சறுக்கல் அங்கேதான் வருகிறது. பெரியவர் ஒருவர் முதலில் வெறுங்கையோடு இறங்கி, திரும்பி நின்று, பிள்ளையை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு பையை வாங்குவதுதான் சரியான வரிசை. வயதானவர்கள் வாசலின் நடுவே இருக்கும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை நடைமேடையில் நன்றாக ஊன்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே குதிப்பது இளைஞர்களின் பழக்கம். உடம்பு வண்டியின் வேகத்தில் போகிறது, கால் மட்டும் சிமெண்டில் நின்றுவிடுகிறது. அப்போது விழுபவர் விழுவது அந்தச் சந்தை நோக்கித்தான்.

எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. பன்னிரண்டு பெட்டி வண்டி என்றால் கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர் நீளம். கடைசிப் பெட்டியில் இருந்தவர் படிக்கட்டை அடைவதற்குள் முன்னால் இறங்கியவர் சாலையைக் கடந்திருப்பார். தினமும் போகிறவர்கள், படிக்கட்டுக்கு நேரே எத்தனையாவது பெட்டி நிற்கிறது என்று எண்ணி வைத்திருப்பார்கள். புதியவர்களுக்கு நடுப்பெட்டி நல்லது. எந்தப் பக்கம் படி இருந்தாலும் பாதி தூரம்தான். மின்சார வண்டி மூன்று மூன்று பெட்டிகள் கொண்ட யூனிட்களாகக் கோக்கப்படுவது. ஒவ்வொரு யூனிட்டிலும் ஒன்று மோட்டார் பெட்டி. மேலே கம்பியைத் தொடும் பேன்டோகிராஃப் அதில்தான் இருக்கும். அந்தப் பெட்டியின் ஒரு பகுதியை உயரழுத்தக் கருவிகள் அடைத்துக்கொள்வதால் ஆட்கள் நிற்க இடம் குறைவு. அடியில் மோட்டார்கள் இருப்பதால் இரைச்சலும் கூடுதல். நடைமேடையில் நிற்கும்போது வண்டியின் கூரையைப் பார்த்தாலே தெரியும். பேன்டோகிராஃப் இல்லாத பெட்டியாகப் பார்த்து ஏறுங்கள். மகளிர் பெட்டி, முதல் வகுப்பு, மாற்றுத்திறனாளிகள் பெட்டி ஆகியவை பக்கவாட்டில் எழுதியிருக்கும். அவசரத்தில் மகளிர் பெட்டியில் ஏறிவிட்டு "தெரியல" என்பது செல்லாது, அபராதம் 500 ரூபாய் வரை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்கள் அம்மாவோடு வரலாம்.

இறங்கியபின் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டாதீர்கள். அத்துமீறித் தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ 1,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இங்கே லோக்கல் பாதையோடு வெளியூர் வண்டிகளின் பாதையும் பக்கத்திலேயே ஓடுகிறது. ஒரு வண்டி போனதும் "காலியாயிடுச்சு" என்று இறங்குகிறவரின் கண்ணுக்கு, அந்த வண்டி மறைத்துக்கொண்டிருந்த இன்னொரு வண்டி தெரியாது. மின்சார வண்டிக்கு நீராவி எஞ்சினைப் போல் முன்கூட்டியே கேட்கும் இரைச்சலும் கிடையாது.

சாலையையும் மேலே ஓடிக் கடக்கத் தேவையில்லை. மெட்ரோ வந்தபிறகு சுரங்கப்பாதை வழியாகவே எதிர்க்கரைக்குப் போகலாம். கடப்பதற்கு மட்டும் மெட்ரோ டிக்கெட் வேண்டாம், டிக்கெட் காட்டும் கதவுக்கு வெளியே உள்ள பகுதியிலேயே நடந்துவிடலாம். கீழே போனதும் திசை குழம்பும், அது எல்லோருக்கும் நடப்பதுதான். தலைக்கு மேல் தொங்கும் பலகையில் "புறநகர் ரயில் நிலையம்", "சென்ட்ரல் ரயில் நிலையம்" என்று தனித்தனியாகப் பார்த்து நடக்க வேண்டும். ஆவடி போகிறவர் சென்ட்ரலின் பிரதான வாசலில் ஏறிவிட்டால் மறுபடி மூர் மார்க்கெட் வளாகம் வரை நடை.

வெளியூர் வண்டி பிடிக்கிறவர்களுக்கு நேரக் கணக்கு இது. தாம்பரத்திலிருந்து பார்க் வரை முக்கால் மணி நேரத்தை ஒட்டி. லோக்கலுக்குக் காத்திருக்க 10 அல்லது 15 நிமிடம். பார்க்கில் இறங்கி, படியேறி இறங்கி, சுரங்கப்பாதை தாண்டி, சென்ட்ரல் கூடத்துக்குள் நுழைய, பெட்டியோடு 15 நிமிடம் வையுங்கள். இதோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் கடைசி நிமிடத்தில் ஓடுகிறார்கள். 22 பெட்டி உள்ள எக்ஸ்பிரஸ் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். சென்ட்ரல் முட்டு நிலையம் என்பதால் கூடத்திலிருந்து நடைமேடையின் ஒரு முனையில்தான் நுழைகிறோம். உங்கள் பெட்டி மறுமுனையில் இருந்தால் அந்த அரைக் கிலோமீட்டரையும் நடக்க வேண்டும். பெரியவர்களோடு என்றால் அதற்கே 10 நிமிடம். ஆக மொத்தம், தாம்பரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கும் வண்டி புறப்படும் நேரத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் இருந்தால் நிம்மதியாகப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று வண்டிகள் குறைவு. பாதைப் பராமரிப்பு வேலையும் பெரும்பாலும் அன்றுதான் வைப்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டிக்கெட்டில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல், எம்.எஸ். என்றால் எழும்பூர், எம்.எஸ்.பி. என்றால் கடற்கரை, டி.பி.எம். என்றால் தாம்பரம். ஓர் எழுத்து வித்தியாசத்தில் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் மாறிப் போய் வண்டியைக் கோட்டைவிட்டவர்கள் எத்தனையோ பேர். ஆறுதல் என்னவென்றால், இரண்டுக்கும் இடையே லோக்கலில் ஒரே ஒரு நிறுத்தம்தான். 25 நிமிடம் கையில் இருந்தால் பார்க்கில் ஏறி எழும்பூர் போய்விடலாம். அந்த நேரத்தில் ஆட்டோ தேடி நெரிசலில் நிற்பதைவிட அது மேல்.

வெளியூர் முன்பதிவு டிக்கெட் கையில் இருக்கிறது என்பதற்காக லோக்கலில் அப்படியே ஏறக்கூடாது, தாம்பரத்திலிருந்து பார்க்குக்குத் தனி டிக்கெட் வேண்டும். குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையே பத்து ரூபாய்தான். அதை மிச்சம் பிடித்துப் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டும். வழியனுப்ப வருகிறவர்களுக்கு நடைமேடை டிக்கெட் பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். செல்போனில் டிக்கெட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், உள்ளே வந்துவிட்டால் செயலி மறுத்துவிடும். மறந்து உள்ளே வந்தவர்களுக்காகச் சுவரில் கியூஆர் கட்டம் ஒட்டியிருப்பார்கள், அதை ஸ்கேன் செய்து எடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, பரிசோதகரிடம் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். எனவே சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் போகிறவர்களுக்கு சீசன்தான் லாபம். மூன்று மாத சீசனுக்கு மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்கு, ஒரு வருடத்துக்கு 10.8 மடங்கு. அதாவது வருட சீசன் எடுத்தால் ஒரு மாதத்துக்கும் மேலான பணம் மிச்சம். 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை – செங்கல்பட்டு பாதையில் ஓடும் ஏ.சி. வண்டிக்கு மட்டும் கட்டணம் வேறு, குறைந்தபட்சமே 35 ரூபாய். சாதாரண சீசனோடு அதில் ஏறக்கூடாது. அதன் கதவுகள் தானே மூடிக்கொள்பவை. ஓடிவந்து தொற்றுகிற வேலை அங்கே நடக்காது.

மாறிச் செல்பவர்களுக்குச் சில சொல்லலாம். தெற்கிலிருந்து வந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகிறவர்கள் வழக்கமாக பார்க்கில் இறங்கி சாலை தாண்டி மூர் மார்க்கெட் வளாகத்துக்கு நடக்கிறார்கள். வண்டிகள் அங்கே அதிகம் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே சரி. ஆனால் சுமையோ, முட்டிவலிக்கார அம்மாவோ கூட இருந்தால் பார்க்கில் இறங்காமல் இன்னும் இரண்டு நிறுத்தம் போய்க் கடற்கரையில் இறங்குங்கள். அங்கிருந்தும் திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகள் கிளம்புகின்றன. எண்ணிக்கை குறைவு, ஆனால் சாலையைக் கடக்க வேண்டாம். அட்டவணையை முன்பே பார்த்துக்கொண்டால் போதும். மயிலாப்பூர், திருவான்மியூர் போகிறவர்களுக்கும் நான் சொல்வது கடற்கரைதான்: பறக்கும் ரயில் அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். ஆள் மட்டும் கைவீசிப் போவதானால் பார்க்கிலிருந்து பார்க் டவுன் நடப்பதில் நேரம் மிச்சம். மெட்ரோவுக்கு மட்டும் எப்போதும் தனி டிக்கெட்.

ஒரே வழியை நம்பியிருப்பது நல்லதல்ல என்பதற்கு அண்மையில் கிடைத்த பாடம் நான்காவது பாதை. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே 4.3 கிலோமீட்டருக்கு இன்னொரு பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் கடைசி வரை பறக்கும் ரயில் கடற்கரை வராமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. பதினான்கு மாதம் பார்க் டவுன் வெறிச்சோடிக் கிடந்தது. எழும்பூருக்குத் தெற்கே நான்கு பாதை இருக்க, இங்கே மட்டும் இடுப்பு ஒடுங்கியது போல் குறைந்திருந்ததால்தான் வண்டிகள் எழும்பூர் வாசலில் காத்துக் கிடந்தன. அந்த வேலை செய்தே ஆக வேண்டிய வேலை. அந்த நாட்களில் சமாளித்தவர்கள் சென்ட்ரல் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கியோ, பஸ் பிடித்தோ சேப்பாக்கம் பக்கம் போனவர்கள்.

மழைக்காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் எவ்வளவு? பெருமழையில் சென்ட்ரல் முடங்குவது பெரும்பாலும் அந்த ஒரு பாலத்தால்தான். தண்ணீர் பாலத்தை முட்டினால் சென்ட்ரலுக்குள் வண்டி வரவும் முடியாது, போகவும் முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதுதான் நடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய வண்டிகளில் சிலவற்றை ஆவடி, திருவள்ளூர் போன்ற இடங்களிலிருந்து கிளப்புவார்கள், சிலவற்றை ரத்து செய்வார்கள். எனவே வீட்டை விட்டுக் கிளம்புமுன் ரயில்வே உதவி எண்ணான 139-க்கு அழைத்து, வண்டி ஓடுகிறதா என்பதோடு நிறுத்தாமல் எங்கிருந்து கிளம்புகிறது என்றும் கேளுங்கள். பார்க் வழியாகப் போகும் லோக்கல் ஓடிக்கொண்டிருப்பதை வைத்து சென்ட்ரலும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு பாதை. ஒன்றில் தண்ணீர் நின்றால் மற்றொன்றில் நிற்க வேண்டும் என்பதில்லை.

படிக்கட்டுப் பயணம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 ஜூலை 24 காலையில், மின்கம்பி அறுந்ததால் லோக்கல் வண்டி ஒன்றை விரைவுப் பாதைக்குத் திருப்பி விட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்பு. தினமும் தொங்கிப் போகிறவர்களுக்குத் தங்கள் பாதையில் எது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது உடம்புக்கே தெரிந்திருக்கும். அன்று பாதை வேறு. தடுப்பில் மோதி உயிர்கள் போயின. வண்டி எந்த நேரமும் வேறு பாதைக்கு மாற்றப்படலாம், அதை யாரும் பெட்டிக்குள் வந்து சொல்லப்போவதில்லை. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை பீச் பக்கமும், மாலையில் தாம்பரம் பக்கமும் கூட்டம் பிதுங்கும். அந்த நேரத்தில் இரண்டு வண்டியை விட்டு மூன்றாவதில் ஏறினாலும் நஷ்டம் இருபது நிமிடம்தான். வேக வண்டி வந்தால் அது எல்லா நிலையத்திலும் நிற்காது; அறிவிப்பைக் கேட்ட பிறகே ஏறுங்கள்.

பார்க்கில் இறங்குகிறவர்களில் சென்ட்ரல் பயணிகளுக்கு இணையாக இன்னொரு கூட்டம் உண்டு, ஜி.எச். போகிறவர்கள். 1664-ல் கோட்டைக்குள் தொடங்கி 1772-ல் இந்த இடத்துக்கு வந்த அரசு பொது மருத்துவமனை, இன்றைய ராஜீவ் காந்தி மருத்துவமனை, நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. விடியற்காலை வண்டிகளில் அவர்களை உடனே அடையாளம் தெரியும்: மடங்கிவிடக்கூடாது என்று இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருக்கும் எக்ஸ்ரே கவர், மஞ்சள் பைக்குள் சுருட்டிய பழைய சீட்டுகள், பிளாஸ்க். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, புறநோயாளிச் சீட்டு வரிசை சீக்கிரமே நீண்டுவிடும், ஆகவே அலுவலகக் கூட்டத்துக்கு முந்தைய வண்டியில் வாருங்கள். நடக்க முடியாதவரை அழைத்து வருவதானால் துணைக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும். நடைமேடைப் படிகளில் ஒருவர் நோயாளியைப் பிடித்துக்கொண்டால் பையைத் தூக்க இன்னொருவர் தேவை. கூட்டத்துக்கு நடுவே இறங்காமல், எல்லோரும் படியேறிப் போகட்டும் என்று ஒரு நிமிடம் நடைமேடை இருக்கையில் உட்கார்ந்துவிட்டு நடந்தால் இடிபடாமல் போகலாம். அடுத்த வண்டி வருவதற்குள் படி காலியாகத்தான் இருக்கும்.

திரும்பும் வழிக்கும் ஒரு கணக்கு உண்டு. இரவு வண்டியில் வந்து விடியுமுன் சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் வாசலில் ஆட்டோவோடு பேரம் பேசி நிற்பதைப் பார்க்கலாம். மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான். ஆனால் கடற்கரையிலிருந்து தாம்பரம் பக்கம் லோக்கல் நான்கு மணியை ஒட்டியே ஓடத் தொடங்கிவிடும். மூன்றரைக்கு இறங்கினால் சென்ட்ரல் காத்திருப்புக் கூடத்திலேயே, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்தில், ஒரு டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருங்கள். நான்கு மணிக்குச் சாலையைக் கடந்து, பார்க்கில் பத்து ரூபாய் டிக்கெட் எடுத்து, தாம்பரம் பக்க நடைமேடையில் நின்றால் போதும். அந்நேர வண்டியில் ஜன்னலோர இருக்கை நிச்சயம்.